கனகவல்லியின் ஸ்டேஷன்

புனேயில், சாங்வியில் இருக்கும் அந்த ஹவுசிங் சொசைட்டியிலிருந்து யாராவது வெளிநாடு கிளம்பினால், பெட்டி வாங்குவதற்கு முன்னால் மூன்றாம் மாடிக்கு வந்து சந்தானத்தின் கதவைத் தட்டுவார்கள். டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் அவர். வேலையில் இருந்தபோது மனைவி கனகவல்லியோடு ஒரு டூர் கம்பெனியில் பணம் கட்டி ஐரோப்பா போய் வந்தார். பத்து நாளில் ஏழு தேசம். அந்தப் பத்து நாளை வைத்துக்கொண்டு பல வருஷம் பேசிவிட்டார்.

"பாஸ்போர்ட்டோட ஜெராக்ஸ் ஒண்ணை வேற பையில வெச்சுக்கணும். புளிக்காய்ச்சல் எடுத்துண்டு போனா கேபின் பேக்ல போடப்படாது, பிடுங்கிடுவான். ஸ்விஸ்ல பஸ் நிக்கிற எடத்துல எல்லாம் பாத்ரூம் போயிடணும், அடுத்தது எப்ப வரும்னு சொல்ல முடியாது."

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அவருக்குத் தோள் இரண்டும் கொஞ்சம் அகலமான மாதிரி இருக்கும். கனகவல்லியும் அதே பஸ்ஸில் அதே ஏழு தேசத்தைப் பார்த்தவள்தான். அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் வாயைத் திறந்ததில்லை.

அந்தக் கனகவல்லி பாங்க் வேலையிலிருந்து ரிடையர் ஆன மறு வருஷம், கூட வேலை பார்த்த நீலாவோடு ஜப்பான் போகப் போவதாகச் சொன்னாள். டூர் கம்பெனி கிடையாது. நான்கு பெண்கள் தாங்களே டிக்கெட் போட்டு, தாங்களே ஹோட்டல் பார்த்துப் போகிறார்கள்.

சந்தானம் சிரித்தார். "டூர் மேனேஜர் இல்லாமலா? ஏர்போர்ட்டை விட்டு வெளியில வர வழி தெரியாது உங்களுக்கு. அங்கே இங்கிலீஷே கிடையாதாம்."

"பாத்துக்கறோம்னா," என்றாள் கனகவல்லி.

அவர் கூட வருகிறாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் கேட்டிருக்கலாம் என்று நெஞ்சுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது.

அவள் போன நாட்களில் போனில் படங்களாக வந்து கொட்டின. கனகவல்லி ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ கோயில் படியில் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஐரோப்பா ஆல்பத்தில் அவள் ஒரு படத்திலாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று எடுத்துத் தேடினார். எல்லாப் படத்திலும் அவருடைய தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள்.

திரும்பி வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் பேசினாள். சந்தானம் ரசத்தைக் கலந்துகொண்டே கேட்டார்.

"ஒரு நாள் தப்பான ஸ்டேஷன்ல எறங்கிட்டேன்னா. பாட்டில்ல தண்ணி பிடிச்சுண்டு ஏறிடலாம்னு எறங்கினேன், கதவு சாத்திண்டுடுத்து. நீலா எல்லாம் உள்ளேயே போயிட்டா. சின்ன ஸ்டேஷன், ஒரு ஆள் கிடையாது. சுத்தி வயல்."

"அழுதியா?"

"எதுக்கு அழணும்? பையில ஆரஞ்சுப் பழம் இருந்தது. பெஞ்சுல காலை நீட்டிண்டு உக்காந்து ஒவ்வொரு சுளையா தின்னேன். பயமே வரலை. அடுத்த ரயில் இன்னும் லேட்டா வரட்டும்னு கூட இருந்தது."

சந்தானம் ரசம் சாதத்தைத் தள்ளி வைத்தார். காரணம் அவருக்குத் தெரியும். கனகவல்லிக்கும் தெரியும். ரோமில் ஒரு சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குரூப் நகர்ந்துவிட்டது. கனகவல்லி கூட்டத்தோடு போய்விட்டிருந்தாள். அவர் அந்தச் சிலையின் காலைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, அந்த இடத்தை விட்டு ஓர் அடி நகராமல் நின்றார். டூர் மேனேஜரும் கனகவல்லியும் தேடி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஊருக்கு வந்ததும் அதையே, "ரோம்ல ஒரு நாள் நான் தனியா சந்து பொந்தெல்லாம் சுத்திப் பாத்தேன்," என்று சொல்ல ஆரம்பித்தார். கனகவல்லி ஒரு தடவை கூட அவரை மறுத்ததில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் மாடிக் கதவைத் தட்டியவர்கள், "ஆன்ட்டி இருக்காங்களா?" என்று கேட்டார்கள். கீழ் வீட்டு வைஷுவும் அவள் கணவன் கேஷவும் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள். லீவுக்கு ஜப்பான் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கனகவல்லி அவர்களுக்குப் பெரிய பெட்டியை ஒரு ஹோட்டலிலிருந்து அடுத்த ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் கை வீசிக்கொண்டு ரயில் ஏறுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். சில்லறைக்குத் தனிப் பர்ஸ், ரயிலில் சத்தமாகப் போன் பேசக் கூடாது, கடையில் முக்கோணமாகக் கட்டி விற்கும் சாதத்தில் மீன் இருக்கும், புளிப்புப் பழம் வைத்ததைப் பார்த்து எடுக்க வேண்டும்.

"ஐரோப்பாலயும் இதே கதைதான்," என்றார் சந்தானம் சோபாவிலிருந்து. "நாங்க பாரிஸ்ல..."

"ஒரு நிமிஷம் அங்கிள்," என்றாள் வைஷு, திரும்பாமலே. "ஆன்ட்டி, அந்தப் பழத்தோட பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவருக்குக் காது மடல் சுட்டது. எழுந்து பால்கனிக்குப் போய், நேற்று தண்ணீர் ஊற்றிய துளசிக்கு இன்னொரு சொம்பு ஊற்றினார்.

சிஞ்ச்வட் பக்கத்தில் தமிழர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடத்துவார்கள். அதை நடத்துகிற கோவிந்தராஜன், 'நாமே போகலாம் வெளிநாடு' என்று பேசக் கனகவல்லியைக் கூப்பிட்டார். முந்தைய வருஷங்களில் அந்த மாதிரிப் பேச்சு என்றால் சந்தானத்துக்குத்தான் அழைப்பு வரும். கனகவல்லி ஒரு வாரமாகப் படங்களைத் தேர்ந்தெடுத்து லாப்டாப்பில் அடுக்கினாள். சமையல் செய்யும்போது முணுமுணுத்துப் பேசிப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் காய்கறி விற்கும் பாஜிக்காரனிடம் கொத்தமல்லி வாங்கக் கீழே போயிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. சந்தானம் எடுத்தார்.

"சார், கோவிந்தராஜன் பேசறேன். ஹால் சாயங்காலம் வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க. நம்ம கூட்டத்தை மூணு மணிக்கே வெச்சுட்டோம். மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்," என்றார் சந்தானம்.

சொல்லத்தான் நினைத்தார். கனகவல்லி கொத்தமல்லியோடு உள்ளே வந்தாள், ஏதோ ஜப்பான் வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். வெள்ளிக்கிழமை போயிற்று, சனிக்கிழமையும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அவள் கொஞ்சம் படுத்தாள். "நான் முன்னாடி போய் நாற்காலி எல்லாம் போட ஒத்தாசை பண்றேன். நீ அஞ்சு மணிக்கு வந்தா போறும்," என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்கூட்டரில் போகும்போதுகூட, தான் என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இஸ்திரிச் சட்டையை மட்டும் முந்தின நாளே எடுத்து வைத்திருந்தார்.

ஹாலில் நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன. "மேடம் எங்க சார்?" என்றார் கோவிந்தராஜன்.

"கொஞ்சம் தலைவலி. வந்துடுவா. அதுவரைக்கும் வேணும்னா நான் அவ சார்பா ஆரம்பிச்சு வைக்கறேன்."

மைக் கைக்கு வந்தது. "என் ஆத்துக்காரி ஜப்பான் போயிருந்தா," என்றுதான் தொடங்கினார். பெட்டியைக் கூரியரில் அனுப்புவதைச் சொன்னார், ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். சில்லறைப் பர்ஸைச் சொன்னார். 'அவள் பார்த்தாள்' கொஞ்ச நேரத்தில் 'பார்த்தோம்' ஆயிற்று. அதை அவரே கவனித்தார், நிறுத்த மனசு வரவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பாலாம்பாள் மாமி மோவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி யாரும் அவரைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

"ஒரு நாள் தப்பான ஸ்டேஷன்ல எறங்கியாச்சு," என்றார். "கதவு சாத்திண்டுடுத்து. ஒரு ஆள் கிடையாது. சுத்தி வயல். நம்மளா இருந்தா என்ன பண்ணுவோம்? பதறிப் போயிடுவோம். நான் பதறலை. பையில ஒரு ஆரஞ்சுப் பழம் இருந்தது. பெஞ்சுல காலை நீட்டிண்டு..."

அப்போதுதான் கடைசி வரிசையில், தண்ணீர் கேன் பக்கத்தில், கனகவல்லி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்திருந்த வைஷு, "ஆன்ட்டி, ஆரம்பிச்சுட்டாங்களே, அங்கிள் பேசறாரு," என்று போன் செய்திருக்கிறாள். படுத்து எழுந்த புடவையோடு ஆட்டோ ரிக்ஷா பிடித்து வந்துவிட்டாள். மடியில் லாப்டாப் பை. முகத்தில் கோபம் இல்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதற்கு அவள் கத்தியிருக்கலாம்.

சந்தானம் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். அந்த இடைவெளியில் பாலாம்பாள் மாமி கேட்டாள்: "அங்கே சூப்பு, குழம்பு எல்லாத்துலயும் மீன் சாறு விடுவாளாமே? அது இல்லாம வேணும்னு எப்படிக் கேட்டேள்?"

"கேட்டா... குடுப்பா."

"எந்த பாஷையில?"

ஹாலில் சிரிப்பு. பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிகு நஷி, சகனா நஷி, தஷி மோ நஷி." கனகவல்லி எழுந்து நின்றிருந்தாள். "மாம்சம் வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம். அரைகுறை ஜப்பான் பாஷைதான் மாமி, ஆனா புரிஞ்சுக்கறா. அதையே அவா எழுத்துல ஒரு அட்டையில எழுதி வாங்கிண்டு போனா இன்னும் நல்லது."

கோவிந்தராஜன் ஓடிப்போய் அவளை மேடைக்கு அழைத்து வந்தார். சந்தானம் மைக்கைக் கொடுத்துவிட்டு முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் படங்களைக் காட்டிப் பேசினாள். தப்பான பிளாட்பாரத்தில் நின்றது, குளியல் தொட்டியில் எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாமல் முழித்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நடந்த பிறகும், என்னைவிட இன்னும் நன்றாகப் பேசுகிறாளே என்றுதான் இருந்தது.

முடிவில் கேஷவ் எழுந்தான். "அங்கிளும் ஜப்பான் வந்திருந்தாரா ஆன்ட்டி? அந்த ஸ்டேஷன்ல அவர் தனியா இருந்தாரே, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

கனகவல்லி சந்தானத்தைப் பார்த்தாள். "அதை அவரைத்தான் கேக்கணும்," என்றாள்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர், "ஸ்கூட்டரை வழியில நிறுத்திட்டேன் போலிருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

திரும்பும்போது அவள் லாப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஔந்த் சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டாள்.

"கோவிந்தராஜன் என்னிக்குக் கூப்பிட்டார்?"

"வியாழக்கிழமை."

"ஏன்னா இப்படிப் பண்ணினேள்?"

அவர் சிக்னலையே பார்த்தார். "ஜப்பான் போனது கூட பரவாயில்லை கனகா. பயமே வரலைன்னு சொன்னியே. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"ரோம்ல நீங்க நின்னதை நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?" என்றாள்.

"இல்லை."

"சொல்லவும் மாட்டேன். அன்னிக்கு உங்களை அந்தச் சிலைக்குப் பக்கத்துல பாத்தப்போ எனக்கு அழுகையா வந்தது. ஜப்பான்ல மொதல் நாள் ஏர்போர்ட்ல எனக்கும்தான் கை நடுங்கித்து. ஆத்துல சொன்னா, 'நான்தான் சொன்னேனே'ம்பேள், அதான் சொல்லலை. ஆனா அந்த ஸ்டேஷன்ல நடுங்கலை. இத்தனை வயசுக்கு எனக்குன்னு கெடைச்சது அது ஒண்ணு. அதை எடுத்துக்காதீங்கோ."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவள் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. "வண்டியை எடுங்கோ, கடையில பால் தீந்து போயிடும்," என்றாள்.

ஒரு வாரம் அவள் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். கேஷவிடமும் கோவிந்தராஜனிடமும் அவரே போன் செய்து, அந்த ஸ்டேஷனில் இறங்கியது கனகாதான், நான் ஜப்பானைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். கேஷவ் சிரித்தான். கோவிந்தராஜன், "பரவாயில்லை சார்," என்று சட்டென்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவும் இல்லை.

நீலாவும் கனகவல்லியும் அடுத்தபடியாக உஸ்பெகிஸ்தான் போகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார் சந்தானம்.

அவள் யோசித்தாள். "இந்தத் தடவை வேண்டாம்னா," என்றாள், நேராகவே.

அது சுட்டது. அந்தச் சூட்டிலேதான் அவர் காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். வியட்நாமுக்குத் தனியாக டிக்கெட் போட்டார். "ஸ்ரீலங்கா போங்கோளேன், தமிழ் பேசுவா," என்றாள் கனகவல்லி. அதற்காகவே அவர் ஸ்ரீலங்கா போகவில்லை.

ஹனோயில் முதல் நாள் முழுக்க ஹோட்டல் அறையில் பிஸ்கட் தின்றுகொண்டு கிடந்தார். இரண்டாம் நாள் காலையில் வெட்கம் பிடுங்கித் தின்னவே வெளியே வந்தார். தெருவில் ஸ்கூட்டர் வெள்ளம். நாற்பது வருஷம் புனேயில் ரோடு கடந்த தைரியத்தில் கடந்தார். எதிர்ப்பக்கம் ஒரு சந்தில் CHAY என்று போர்டு தெரிந்தது. அப்பாடா, சாய்தான், டீ கிடைக்கும் என்று உள்ளே நுழைந்தார். அந்த ஊரில் அந்த வார்த்தைக்குச் சைவம் என்று அர்த்தம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. டீ வரவில்லை. சாதமும் வதக்கின கீரையும் தோஃபுவும் தட்டு நிறைய வந்தன. அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"சாப்பிட்டேளா? பிஸ்கட்டா?" என்றாள் கனகவல்லி.

"சுத்த சைவம். சூடா, தட்டு நிறைய. யார்கிட்டயும் அட்டை காட்டலை."

"அதெப்படிக் கண்டுபிடிச்சேள்? நீலா அங்கே போய்ட்டு ஒண்ணும் கிடைக்கலைன்னாளே?"

"வந்து சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். கீழ் வீட்டுக்காரி அவரைத் திரும்பிப் பார்க்காத நாட்களில் எல்லாம் அவர் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்த அதே குரல். டீக்கடை என்று நினைத்துத் தப்பாக நுழைந்ததைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். மனசு வரவில்லை.

"வந்து சொல்றேன்டி," என்று போனை வைத்துவிட்டு, டீ எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு நடந்தார்.