கருப்பனின் பட்டாள வண்டி

என் வீட்டுக்காரர் இஷாக்குக்குத் தோல் வியாபாரம் பிழைப்பு. போர்க்காலத்துப் பட்டாள மோட்டார் சைக்கிள் பைத்தியம். எங்கள் கட்டிலுக்கு அடியில் கியர் பெட்டி, பீரோவில் என் பட்டுச் சேலைகளுக்கு நடுவே கார்புரேட்டர். எல்லாம் உதிரி. இவற்றை மாட்ட ஒரு வண்டி வேண்டுமே, அதுதான் கிடைக்கவில்லை. தூக்கத்தில்கூடக் கையை முறுக்கி ஆக்ஸிலேட்டர் கொடுப்பார். பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

குஜிலியம்பாறைக்கு அப்பால் ஒரு கருப்பசாமி தோப்பில் அப்படி ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. போனோம். கார் கண்ணாடிக்கு வெளியே வெயிலில் சோளக்காடு மிதந்துகொண்டே வந்தது. விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். புளியமர நிழலில், மண்குதிரை வரிசையின் கடைசியில், சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு அந்த வண்டி நின்றது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நிக்காஹ் அன்று என்னைப் பார்த்ததைவிட ஆசையாக அதைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசாரி வீட்டு மாயம்மாள் வந்தாள். “எம் மாமனார் பட்டாளத்துல இருந்து கொண்டாந்து கருப்பனுக்கு நேந்து விட்டது பாய். புயல்ல கெளை முறிஞ்சு விழுந்து லைட்டு போச்சு. கண்ணில்லாத குதிரையில சாமி ஏறாது. திருவிழாவுக்குப் புதுசா மண்குதிரை சொல்லியாச்சு. இத நீங்க எடுத்துட்டுப் போங்க.”

இவர் கண்ணீர் வழிய டேங்கைத் தடவினார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு, வண்டியை ஏற்ற ஆளைக் கூட்டிவரக் கிளம்பியிருக்கலாம். “ஒரே மாடலான்னு செத்த பாத்துக்கிறேன் கமரு” என்று, முன்பு புனேயில் வாங்கி மடியில் வைத்தே கொண்டுவந்திருந்த ஹெட்லைட்டைக் காரிலிருந்து எடுத்தார்.

“வீட்ல போய்ப் பாக்கலாங்க” என்றேன். கேட்டால்தானே.

வண்டியின் முன்னாலிருந்த வெறும் வளையத்தில் அதைப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. இலைகளின் வழியே வெயில் இறங்கிக் கண்ணாடியில் தங்கியது. வண்டி எங்களைப் பார்த்தது.

மாயம்மாள் குலவையிட்டாள். “ஆத்தே, கண்ணு தொறந்துருச்சு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா, அது சும்மா அளவு பாத்தது...” என்று இழுத்தார் இவர்.

“இருக்கட்டும் பாய். கண்ணு தொறந்த குதிரைய நான் எப்பிடிக் குடுக்க? ஆனா லைட்டு ஒங்களுது. வேணும்னா கழட்டிக்கங்க, நான் மறிக்கல. கண்ணு போயிட்டா வண்டியும் ஒங்களுதுதான்.”

சொல்லிவிட்டு அவள் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். காற்றில்லை. எங்கோ ஒரு மயில் அகவியது. இவர் வண்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து மண்டியிட்டார். அப்பாடா, இப்பவாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். இத்தனை வருஷத்து ஆசை, கொஞ்சமா?

“பைய, பாத்துக் கழட்டுங்க, கண்ணாடி பத்திரம்” என்று குனிந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அந்த மனுசன் ஸ்குரூவை இறுக்கிக்கொண்டிருந்தார்.