எண்பது தௌ

மூன்றாவது உதைக்குத்தான் எஞ்சின் பிடித்தது. கக்கிய நீலப்புகையில், முற்றத்தில் பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இருமிக்கொண்டே சிரித்தார்கள். சுமத்ராவின் சியாந்தரில் சாவு வீட்டில் சிரித்தால் யாரும் முறைப்பதில்லை. பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துப் பேரன் பேத்தி கண்டவரை மேளம் கொட்டி ஆடித்தான் அனுப்புவார்கள்.

ஜொங்கி சிரிக்கவில்லை. பழைய பட்டாள பைக்கில் பக்கவண்டி கோத்துச் சவாரி ஓட்டியவன் செத்தால், அவன் வண்டிதான் காலியாக முன்னே போகும். பெட்டி பின்னால் வரும். அப்பா மாரோலொப்பின் வண்டியை இன்று அவன்தான் ஓட்டவேண்டும்.

"உங்கப்பனுக்குப் பேராசைடா," என்றார் சாகாலா. அப்பாவோடு நாற்பது வருஷம் ஒரே ஸ்டாண்டில் நின்றவர். "சிலிண்டரை அறுபது தௌ குடைஞ்சாப் போதும். எண்பது குடைன்னு உன்னை நச்சரிச்சானாமே, மேட்டுல பறக்கணும்னு. அவனே சொன்னான்."

ஜொங்கியின் கையிலிருந்த துடைக்கிற துணி நழுவியது. அப்பா அப்படியா சொல்லி வைத்திருக்கிறார்?

நடந்தது வேறு. கீறல் விழுந்த சிலிண்டரை அப்பா அவன் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகுதான் சிலிண்டரைத் தொடவேண்டும். மேடான் நகரத்திலிருந்து பிஸ்டன் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். ஊரிலேயே பெரிய கடைசல்காரன் என்ற மிதப்பில் ஜொங்கி காத்திருக்கவில்லை. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; கத்தி அறுபதைத் தாண்டிவிட்டது. உள்ளே ஸ்லீவ் என்ற உறையை அடித்துச் சரிசெய்திருக்கலாம். ஆனால் பட்டறை முழுக்கத் தெரிந்துபோகும். எண்பதுக்கே குடைந்து பெரிய பிஸ்டனைப் போட்டான். "கீறல் ஆழம்பா, அறுபதுல போகல," என்று கூசாமல் சொன்னான். அப்பா சிலிண்டருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். சரி என்றார்.

சுவர் மெலிந்த சிலிண்டர் சூடு தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தேவாலய மேட்டில் எஞ்சின் இறுகி நின்றது; ஆறினால்தான் மறுபடி சுழலும். சவாரிக்கு வந்த நிறைமாதக்காரியை இறக்கிவிட மனமில்லாமல், அறுபத்தொன்பது வயசில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். உச்சியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அம்மா வந்து அப்பாவின் தொப்பியைப் பக்கவண்டி இருக்கையில் வைத்தாள். "மெதுவா போ. சூடாயிரும்," என்றாள்.

மெதுவாகத்தான் போனான். பின்னால் பெட்டியும் முப்பது வண்டிகளும் வந்தன. அதே மேட்டில், பாதியில், எஞ்சின் இறுகிக்கொண்டது.

"கிழவன் கேட்டு வாங்கினதாச்சே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு வண்டி வண்டியாகப் பரவியது. ஜொங்கிக்கு வெட்கத்தில் காது சுட்டது. இறங்கி நின்றான்.

"அப்பா கேக்கல சித்தப்பா. நான்தான் தாண்டி வெட்டிட்டேன்."

சாகாலா தன் எஞ்சினை அணைத்தார்.

"தெரியும்டா. விரல் விட்டுப் பாத்தவனுக்குத் தெரியாதா? அன்னிக்கே ஸ்டாண்டுல வந்து சொல்லிட்டான். எண்பது தான் கேட்டதாவே இருக்கட்டும், உன்னை யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னுட்டான்."

பின்னாலும் ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அணைந்தன. தள்ளிவிட இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஜொங்கி தலையை அசைத்து மறுத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றினான். வண்டி அசைந்தது. இருக்கையிலிருந்த தொப்பி கொஞ்சம் பின்னால் நகர்ந்து, சாய்மானத்தில் முட்டி நின்றது.