கடிதத்தின் இடது மூலை

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் அனந்தபத்மநாபனை எல்லோரும் 'மந்திரி சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மந்திரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு சர்வாதிகாரியின் வெளியுறவு மந்திரிக்கு ஒன்பது வருஷம் இங்கிலீஷ் எழுதிக் கொடுத்தவர். ஆனாலும் அந்தப் பட்டத்தை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

மொசேந்தா என்கிற அந்த மந்திரி முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். தேனொழுகப் பேசுவான். வெளிநாட்டுச் சபைகளில் எழுந்து நின்று, 'எங்கள் நாட்டில் அரசியல் கைதி ஒருவர்கூட இல்லை' என்பான். சபை கைதட்டும். வாக்கியம் இவருடையது என்பதால், பின்வரிசையில் உட்கார்ந்து இவரும் பூரித்துப்போவார். தொண்ணூற்றாறில் சர்வாதிகாரி கவிழ்ந்தான். மொசேந்தாவை விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாகப் பிடித்து, கைதிகளே இல்லையென்று அவன் சாதித்த அதே சிறையில் அடைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே இவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். தப்பித்தோமென்று கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுவருஷம் 'மந்திரி சாமி' வீட்டை விசாரித்துக்கொண்டு வித்துராவிலிருந்து ஆதிரா வந்தாள். அவள் கணவன் ஜெயன், போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களின் மகன். அந்த நாட்டுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனவன். ஒரு மாணவனை ஒளித்துவைத்தான் என்று தொண்ணூற்றுமூன்றில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் மந்திரிக்கு எழுதினாள். வந்த பதிலைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை, தங்கள் கவலையில் பங்குகொள்கிறோம் என்றது கடிதம்.

கீழே இடது மூலையில் 'எம்/ஏ.பி.' என்று இருந்தது. கையெழுத்திடுபவரின் இனிஷியல், ஒரு கோடு, பிறகு எழுதியவரின் இனிஷியல்: அனந்த பத்மநாபன். இளவயதில் திருவனந்தபுரத்து அரசாங்க ஆபீசில் பழகிய வழக்கம். ஆப்பிரிக்கா போய் மந்திரியின் ஆபீசுக்கும் பெருமையாகக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தை எழுதிய அன்று ஜெயன் பேருள்ள சிறைப் பட்டியல் அவர் மேஜையிலேயே கிடந்தது.

"இந்த ஏ.பி. ஆராக்கும் சாரே? எனக்குப் பதில் எழுதின ஒரே மனுஷன். அவருக்கு ஒரு கத்து, கடுதாசி அயச்சா ஜெயன் எங்கேன்னு சொல்லுவாரு."

"தெரியலேம்மா. எத்தனையோ குமாஸ்தா இருந்தா."

சொன்னதும் அவருக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அதைத் தணிக்கத்தானோ என்னவோ, புது அரசாங்கத்துக்கு மனு தானே அடித்துத் தருவதாகச் சொல்லி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். சிறைப் பதிவேடுகளைத் தேடச் சொல்லி மளமளவென்று அடித்து, தாளை உருவிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

ஆதிரா பேனாவை வைத்துவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மனுவின் இடது மூலையில் 'ஏ/ஏ.பி.' என்று இருந்தது. கை தன்பாட்டுக்கு அடித்திருந்தது.

பழைய கடிதத்தின் மூலையில் விரலை வைத்தாள்.

"இந்தக் கத்து எழுதினப்போ ஜெயன் உயிரோட இருந்தாரா?"

"இருந்தார்" என்றார். இனி பொய் சொல்லத் தெம்பில்லை.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தார். காறித் துப்பினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளோ மனுவைக் கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அறிஞ்சதெல்லாம் எழுதுங்க. கீழ உங்க முழுப்பேரு வேணும்."

தாளைச் செருகினார். ஒன்பது வருஷம் 'நாங்கள்' என்றே அடித்துப் பழகிய கை, 'நான்' என்று அடித்துவிட்டு நின்றது. ஆதிரா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.