வெங்காயம் வாங்காத வீடு

எங்கள் சமையலறைக்கு ஒரு கால அட்டவணை இருந்தது. காலை ஏழிலிருந்து எட்டு வரை நான். ஒன்பதுக்கு என் தம்பி ஃபெர்கல். அவன் சாப்பிட்டு முடித்து மாடியறைக்குப் போனதும் தான் முன்பு ஹர்லிங் பந்தாட்டம் ஆடிய பழைய மட்டையால் தரையில் ஒரு தட்டு தட்டுவான். உடனே அம்மா ஜன்னலைத் திறந்து, மேசை, குழாய், கதவுக் கைப்பிடி என்று ஒன்று விடாமல் துடைப்பாள். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் உள்ளே நுழையலாம். நான்கு வருடம் ஒரே வீட்டில் இப்படித்தான் இருந்தோம். முகம் பார்த்துப் பேசியதெல்லாம் தோட்டத்தில், காற்றடிக்கிற நாட்களில், பன்னிரண்டடி தள்ளி நின்று.

இருவருக்கும் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசையாகக் கட்டிக்கொள்ளும், கிருமிகள் அதில் குடித்தனம் நடத்தும். என்னுடைய கிருமி மருந்துக்கு ஓரளவு அடங்கும். அவனுடையது செபேசியா. அவன் சோதனைத் தாளில் பதினான்கு மருந்துகளின் பெயர் இருக்கும், எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்' என்ற ஒரே எழுத்து. எதற்கும் மசியாது என்று பொருள். ஊரில் மற்றவர்களை அது ஒன்றும் செய்யாது, எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இருமலில் தொற்றும். அதனால் இந்த நோய்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. ஆஸ்பத்திரியில்கூட எனக்குத் திங்கள், அவனுக்கு வியாழன்.

இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தது அழுகிய வெங்காயத்தில் என்று எவரோ அம்மாவிடம் சொல்லித் தொலைத்தார்கள். அன்றோடு வீட்டில் வெங்காயம் நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அம்மாவா கேட்பாள்?

"என்னைக் கொல்லப்போறது கிருமி இல்ல. வெங்காயம் போடாத இந்த ஸ்டூதான்" என்பான் ஃபெர்கல், மாடியிலிருந்து போனில்.

அவனுக்கு அது வந்தது என்னால். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். லோர்கன் என்று ஒருவனோடு எனக்குப் பழக்கம். அவனுக்கும் இதே நோய், நீனா என்ற ஊரில் வீடு. ஒரு வருடம் கணினித் திரையில் மட்டும் காதலித்தோம். அவன் பிறந்தநாளுக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் என் மடத்தனம், யாராவது நேரில் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் கையில் மருந்துக் குழாய் ஏறியிருந்தது. ஃபெர்கலை அனுப்பினேன்.

"மதில் மேல வச்சுட்டு, தள்ளி நின்னு பாத்துட்டு வா" என்றேன்.

வைத்தான். மழை பிடித்துக்கொண்டது. லோர்கன் நல்லவன், அவனைத் தன் காரில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். ஜன்னல்களை ஏற்றிவிட்டு முக்கால் மணி நேரம். தனக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்கே அப்போது தெரியாது. மூன்றாம் மாதம் ஃபெர்கலின் சளியில் அது வந்தது. அம்மாவிடம் அவன் என்ன சொல்லி வைத்தானோ, அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்த மார்ச்சில் இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அஸம்ப்டா என்ற நர்ஸ் வீட்டுக்கே வந்து போனாள். நான் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து அவனுக்கு போன் போட்டேன்.

"உள்ள வரேன்டா. மாஸ்க் போட்டுக்கிறேன். அஞ்சே நிமிஷம்."

"வந்தா மட்டையால மண்டையப் பொளந்துருவேன்."

"அதத் தூக்கவே உனக்குத் தெம்பு இல்ல."

"உனக்குன்னே கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலானது. நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். போன் வழியாக என்ன வந்துவிடும்? பழக்கம்.

"ஃபெர்கல், அன்னைக்கு நான் அனுப்பலன்னா..."

"நிறுத்து. மாத்து நுரையீரல் பட்டியல்ல உன் பேரு இருக்கில்ல? இந்தச் சனியன் ஒட்டுச்சுன்னா பேர அடிச்சிருவாங்க. அப்புறம் நான் போறதுக்கு என்ன அர்த்தம்?"

"அம்மாகிட்ட சொல்லப்போறேன்."

தலைக்கு மேலே தரையில் ஒரு தட்டு கேட்டது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை காலையில் போய்விட்டான். உயிர் வெளியே போகட்டும் என்று அம்மா அவன் ஜன்னலைத் திறந்துவைத்தாள். எல்லாவற்றையும் துடைத்து, அவனைக் குளிப்பாட்டி முடித்தபின் அஸம்ப்டா கீழே வந்து என்னிடம் ஒரு ஜோடி கையுறையைத் தந்தாள்.

"இப்ப நீ போகலாம்மா. இனிமே அவன் இரும மாட்டான்."

நான்கு வருடத்துக்குப் பிறகு என் தம்பியின் கையை ரப்பருக்கு உள்ளிருந்து தொட்டேன். சூடா, குளிரா என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அழுதேன்.

சாயங்காலம் சவப்பெட்டியை முன்னறையில் வைத்தோம். ஊரே வந்து கைகுலுக்கித் துக்கம் கேட்டது. பக்கத்து வீட்டு மோரீன் ஒரு தட்டு நிறைய முட்டை வெங்காய சாண்ட்விச் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள், எடுத்துட்டுப் போ என்று சொல்லவில்லை.

"பிடிவாதக்காரன், மோரீன். அந்தப் பையனப் பாக்கப் போகாதடான்னு அக்காக்காரி தலைபாடா அடிச்சிக்கிட்டாளாம். கேக்காம போய் அந்தக் கிருமிய வாங்கிட்டு வந்தான். அவனே ஒத்துக்கிட்டான் எங்கிட்ட."

நான் கதவோரம் நின்றிருந்தேன். மோரீன் போகும்வரை காத்திருந்தேன். அம்மா கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.

"அம்மா, அவனாப் போகல. நான்தான் அனுப்பினேன். லோர்கன் எனக்குத் தெரிஞ்சவன்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்து, நின்றபடியே பாதியைத் தின்றாள்.

"அதுக்காக அவன எத்தன தடவ திட்டியிருக்கேன், தெரியுமா உனக்கு? போன வாரங்கூடத் திட்டினேன்."

"அம்மா..."

அவள் துணியை நனைத்துப் பிழிந்தாள். மேசையைத் துடைத்தாள். குழாயை, கதவுக் கைப்பிடியை. பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

"வெளிய இரு. ஒரு மணி நேரம் கழிச்சு வா."

பழக்கத்தில் சொன்னாளா, என் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாளா, கேட்க எனக்குத் துணிவில்லை. போய் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அம்மா கூப்பிடவில்லை.