மூன்றாம் ஈரப்பெட்டி

முதலாளி என் மேசைமேல் வைத்த சிவப்புச் சீட்டு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் மூன்று சொற்கள். முதல் இரண்டும் அந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பழைய பெயர். மூன்றாவதாக, வாலில் லத்தீன் முறைப்படி இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டு, என் பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டிலேயே தப்பாக எழுதப்பட்ட பெயர் அது. இங்கே ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"என்ன சார், என் பேரப் போட்டிருக்கீங்க?"

"பின்ன யார் பேரப் போடறது? ஒண்ணுகூட ஒடியாம விரிச்சுக் கொடுத்தது நீதானே. திங்கக்கிழமை பூச்சி மியூசியத்துக்குப் போகுது. அடுத்த இதழ்ல பேரு வந்துரும்."

எங்களுடையது இறந்த வண்ணத்துப்பூச்சிகளை விற்கும் கடை. மலைகளிலிருந்து அவை இறக்கை மடித்து, காகித உறைகளுக்குள் சருகாகக் காய்ந்து வரும். பின்னறையில் நான் அவற்றை ஈரப்பெட்டியில் மூன்று நாள் வைத்து இளக்கி, பலகையில் இறக்கை விரித்து, ஊசி குத்திக் காயவைப்பேன். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பெட்டியில் ஒரு மருந்து, ஒரே ஒரு மூடி, ஊற்ற வேண்டும். பெயர் வைப்பது முதலாளியின் வேலை. ஒரே பூச்சி அடுத்த பள்ளத்தாக்கில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தால், துணையினம் என்று பிரித்து மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ப்பார்கள். சேர்த்துவிட்டால் சேகரிப்பவர்கள் அதையும் வாங்கியாக வேண்டும். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. முதலாளி, தானே நடத்தும் எட்டுப் பக்க இதழில் இதுவரை நாற்பத்தொரு பெயர் வைத்திருக்கிறார். ஒரு புள்ளி கூடினால் ஒரு பெயர், ஒரு கோடு குறைந்தால் இன்னொன்று. தொழிலில் அவருக்குப் பட்டமே 'பெயர்சூட்டி'தான். பூச்சி மியூசியத்தில் பெயர்களைச் சரிபார்க்கும் அம்மாள் அவற்றில் பாதிக்குமேல் 'செல்லாது' என்று எழுதிவிட்டார். ஆனாலும் முதலாளி வேண்டுமென்று ஏமாற்றுகிறவர் இல்லை. பூதக்கண்ணாடியில் குனிந்தால் அவருக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியும். அந்தக் கண்ணுக்கு ஆசை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இந்த முறை பதினொரு பூச்சிகள். பதினொன்றுக்கும் மஞ்சள் இறக்கையின் ஓரம் செம்பட்டையாக இருந்தது.

முதலாளியைப் பற்றி நான் கேலி பேசலாம். வேறு யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது. மணிக்கட்டு முறிந்து கூடிய பிறகு என் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. போன இடமெல்லாம் "பாக்கலாம்மா" என்று அனுப்பிவைத்தார்கள். இவர் மட்டும் ஒரு பெட்டி நிறையக் கழித்துப்போட்ட பூச்சிகளைக் கொண்டுவந்து வைத்தார். "செத்ததுதானே, இன்னொரு தடவையா சாகப்போகுது? ஒடிச்சுப் பழகு" என்றார். நான்கு மாதம் ஒடித்தேன். ஒருநாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் நிறையும்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். சீட்டு விஷயத்தைச் சொன்ன மறுநாளே டிப்போ முழுக்கப் பரப்பிவிட்டார்.

"என் பொண்டாட்டி பேர்ல ஒரு பூச்சி பறக்குதுன்னு சொன்னேன், எல்லாரும் வாயப் பொளந்துட்டானுங்க."

"அது செத்த பூச்சிங்க. எங்க பறக்கும்?"

"உயிரோட இருக்கறதுக்கும் அதே பேருதானே?"

சொல்லப்போனால், அன்று முழுக்க எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை மருந்து பாட்டிலைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். ஊற்றியாயிற்றா என்று நான் பார்ப்பதே அந்த நெடியை வைத்துத்தான். அந்தப் பதினொன்றும் மூன்றாம் பெட்டியில் இருந்த வாரம் எனக்குச் சரியான ஜலதோஷம். நெடி தெரியவில்லை, ஊற்றவில்லை என்று நினைத்து மறுபடி ஒரு மூடி ஊற்றினேன். அதே உறைக்கட்டோடு வந்து, கிழிசல் என்று நான் பெட்டியில் வைக்காமல் ஒதுக்கிய இரண்டு, உறைக்குள்ளேயே கிடந்தன. பிரித்தேன். ஓரம்வரைக்கும் சுத்த மஞ்சள். ஒன்றை மூன்றாம் பெட்டியில் வைத்து இரண்டு மூடி ஊற்றினேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சனிக்கிழமை காலையில் அதன் ஓரம் செம்பட்டையாகியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் மியூசியத்து அம்மாளுக்குத் தெரியாமல் போகாது. 'மருந்தில் வெந்ததற்கெல்லாம் பெயர் வைக்கிறார்' என்று அவர் எழுதினால், முதலாளி அதற்குமேல் தலை தூக்கவே முடியாது. என் பெயருக்காக அவர் பெயர் கெட வேண்டுமா? வெந்த பூச்சியையும் வேகாததையும் ஒரே தட்டில் வைத்து எடுத்துப் போனேன்.

"சார், தப்பு என்மேலதான்."

ஜலதோஷத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூதக்கண்ணாடியில் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது. வேலை போகும் என்று நினைத்தேன். திட்டு விழும், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் நின்றேன்.

"பஸ்காரர்கிட்ட என்ன சொல்லப்போற?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரிடம் வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"நல்லவேளை, திங்கக்கிழமைக்கு முன்னாடி சொன்ன" என்று சொல்லி, ஊசியிலிருந்து என் சிவப்புச் சீட்டை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அலமாரியின் முதல் இழுப்பறையைத் திறந்தார். அதில் இருந்தது அவர் வைத்த முதல் பெயர், அவர் மனைவியின் பெயர். எனக்கு முன்னால் இதே மேசையில் இறக்கை விரித்தவர், இப்போது இல்லை. வெள்ளைப் பூச்சி; ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சள். மியூசியத்து அம்மாள்கூட இதுவரை கை வைக்காத பெயர்.

"அவளுக்கும் வருஷம் பூரா ஜலதோஷந்தான்" என்றார்.

"இது வேண்டாம் சார். இருந்துட்டுப் போகட்டும்."

"நீ உன் பேரையே கொண்டுவந்து வச்சுட்ட. நான் பாக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

அடுத்த இழுப்பறையிலிருந்து அதே இனத்துச் சாதாரண வெள்ளை ஒன்றை எடுத்து, பின்னறைக்கு வந்து மூன்றாம் பெட்டியில் அவரே வைத்தார். ஒரு மூடி ஊற்றினார். பாட்டிலைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். இன்னொரு மூடியும் ஊற்றி, கண்ணாடி மூடியைப் போட்டார்.

"மூணு நாள்" என்றார்.

நான் எதிர் நாற்காலியை அவருக்கு இழுத்துப்போட்டேன். மனைவியின் பூச்சியைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் ஓரத்திலிருந்து ஆவி படரத் தொடங்கியிருந்தது. உள்ளே அந்த வெள்ளை இன்னும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.