ஓட்டினது யாரு?

செல்போனில் பேசிக்கொண்டே கார் ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்டபோது, சுரேந்தரின் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள். அதை அவன் மனைவி புவனாவிடம் சொல்லவில்லை. அந்தத் தடை முடிவதற்குள் காரமடையில் அவள் தங்கைக்கு வளைகாப்பு வந்தது.

"பஸ்ல போயிக்கலாம் அம்மணி" என்று சொல்லிப் பார்த்தான்.

"ஊட்டு வாசல்ல காரை நிறுத்திப்போட்டு, சீர்த்தட்டோட பஸ்ஸேறுனா எங்கப்பா என்ன நெனைப்பாருங்க?"

மாமனாருக்கு விஷயம் தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் சாவியை எடுத்தான்.

வழியில் காக்கிச் சட்டை கண்ணில் பட்டபோதெல்லாம் வேகத்தைக் குறைத்து முன்னால் போன லாரிக்குப் பின்னால் ஒதுங்கினான். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும்தான் கொஞ்சம் மூச்சுவிட்டான். அப்போது சந்திலிருந்து ஒரு மொபெட் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலைக்குள் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தான். கார் நின்றுவிட்டது. நின்ற காரில் மோதி, மொபெட்டில் வந்த அம்மாள் விழுந்தாள். கணுக்கால் திரும்பிக் கிடந்தது.

கூட்டம் சேர்ந்தது. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், யாரோ போலீஸை.

"உங்க மேல தப்பே இல்லீங்களே. எதுக்கு இப்படி நடுங்கறீங்க?" என்றாள் புவனா.

"எனக்கு லைசென்ஸ் இல்ல புவனா. முடக்கிப்போட்டாங்க. மாட்டுனா ஜெயில்." குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட லைசென்ஸ் இருக்குதில்ல? நீ ஓட்டுனேன்னு சொல்லிரு கண்ணு."

சாவியை அவள் கையில் திணித்தான். வலியில் முனகிக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் திருப்பி அவர்களையே பார்த்தாள். அவள் பெயர் மாசாணியம்மாள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்ததும் முதலில் கேட்டது: "ஓட்டினது யாரு?"

புவனா வாயைத் திறந்தாள். அவள் சாவியை முந்தானைக்குள் மறைப்பதைச் சுரேந்தர் பார்த்தான். இந்தப் பொய்யை நாளைக்குக் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நானுங்க" என்றான்.

அதிகாரி லைசென்ஸ் எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "தடை இருக்கையில ஓட்டுனா மூணு மாசம்வரைக்கும் உள்ள போடலாம், தெரியுமில்ல? விபத்து யாரால வேணா நடந்திருக்கட்டும். ஸ்டியரிங்கை நீங்க பிடிச்சதே குத்தம்."

வளைகாப்புக்கு அவர்கள் போகவில்லை. காரை நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு புவனா நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் மாமனாருக்கும் தெரிந்துபோனது.

வழக்கு நடந்த மாதங்களில் சுரேந்தருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அழைப்பு மணி அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தான். கடைசி விசாரணை நாளில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து கூண்டில் ஏறினான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதமும், நீதிமன்றம் கலையும்வரை காவலும் விதித்தார் நீதிபதி. லைசென்ஸ் தடையும் நீண்டது. காவலர் பக்கத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்தான். சிறைக்கு அனுப்பவில்லை என்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

வெளியே வந்ததும் அவனுடைய வக்கீல் தணிந்த குரலில் சொன்னார்: "இதோட முடியலீங்க. அந்த மாசாணியம்மா நஷ்டஈடு கேட்டுத் தனியா கேஸ் போட்டிருக்காங்க. தப்பு ரெண்டு பக்கமும்னு ஆயிட்டா, உங்க பங்கை இன்சூரன்ஸ்காரங்க கட்டிப்போட்டு, லைசென்ஸ் தடையில ஓட்டுனதால உங்ககிட்டயே வசூல் பண்ணிருவாங்க."

நிலையத்திலிருந்து மீட்டிருந்த காரின் கதவைப் புவனா திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க, போலாம்" என்றாள்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்காரவும் பயந்து, அவன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.