அண்ணி படித்த முதல் புத்தகம்

பேருந்துகளில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்கள் என் பார்சல் கவுன்ட்டருக்குத்தான் வரும். குடை வரும், சாப்பாட்டு டப்பா வரும், ஒருமுறை ஒற்றைச் செருப்புகூட வந்தது. மற்றதைப் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் எப்படி வீடு போய்ச் சேர்ந்தானோ! ஆனால் புத்தகம் வந்தது அதுதான் முதல் தடவை. அட்டையில் ஒருவன் மலை உச்சியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முன்னேற வழி சொல்கிற புத்தகமாம். வழக்கப்படி அதை அறிவிப்பு அறைக்குக் கொண்டுபோய் என் அண்ணியிடம் கொடுத்தேன்.

"யாரு தம்பி இது, விழப்போறவன் மாதிரி நிக்கிறான்?" என்றாள். சொன்ன கையோடு பொத்தானை அழுத்தி, "பயணிகளின் கவனத்திற்கு, பேருந்தில் தவறவிடப்பட்ட புத்தகம் ஒன்று…" என்று தேனாக ஆரம்பித்தாள்.

அண்ணிக்கு இரண்டு குரல். மைக்கில் வருகிற குரலைக் கேட்டு மயங்கி, யார் அந்தப் பெண் என்று என்னிடம் விசாரித்தவர்கள் உண்டு. மைக்கை அணைத்த பிறகு வருகிற குரலைக் கேட்டால் பேருந்துகளே பின்பக்கமாக ஓடிவிடும். மேலாளர் முதல் கூட்டுகிற அம்மா வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. என் அண்ணன் வீட்டில் ஊமையாகிப்போனதற்குக் காரணம் கேட்க வேண்டுமா?

மகள் விஷயத்திலும் அந்த வாய்தான் காரியத்தைக் கெடுத்தது. பார்த்துவைத்த மாப்பிள்ளையை மகள் வேண்டாம் என்றதும், "இனிமே எனக்கு மகளே கிடையாது, வெளிய போ!" என்று எகிறினாள். எங்கே போய்விடப்போகிறாள் என்ற தைரியம். அவள் நிஜமாகவே போய்விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, தோழியோடு ஒரு அறை. கடைக்குப் போக எங்கள் நிலையத்தில்தான் பேருந்து மாற வேண்டும். தினமும் காலையில் மூன்றாவது நடைமேடையில், அறிவிப்பு அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். என்னைப் பார்த்தால் மட்டும், "நல்லாருக்கீங்களா சித்தப்பா?" என்பாள். அறையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து அண்ணி அவளுடைய பேருந்தை அறிவிப்பாள். பெற்ற மகளைப் பயணி என்று கூப்பிடுகிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

அண்ணிக்குப் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் கடவுள் அவளுக்குப் புகார்ப் பெட்டி மாதிரி. மகளுக்கு நல்ல புத்தி கொடு, புருஷனுக்குக் காது கொடு, மேலாளருக்கு வயிற்றுவலி கொடு என்று காலையில் கண்ணை மூடினால் அன்றைய உத்தரவுகள் வரிசையாகப் போகும்.

புத்தகத்தைத் தேடி யாரும் வரவில்லை. பள்ளிக்கூடப் பாடத்தைத் தவிர வேறெதையும் தொட்டிராத அண்ணி, இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே அதைப் புரட்ட ஆரம்பித்தாள். முதலில் கிண்டல்தான். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து அமைதியா உக்காரணுமாம். இந்த ஆளுக்கு வீட்ல ஒரு வேலையும் இல்ல போல!" பிறகு கிண்டல் நின்றது. உதடு அசைய அசையப் படித்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினாள். பிறரை மாற்றும்படி கடவுளைக் கேட்கிறோம், நம்மை மாற்றும்படி என்றைக்குக் கேட்டோம் என்று இருந்தது.

"நான் ஒரு நாளும் கேட்டதில்ல தம்பி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று நினைத்தேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அண்ணி பிடித்தால் உடும்புப் பிடி. மறுநாளே ஈரத்தரைக்காகக் கூட்டுகிற அம்மாவை வறுத்தெடுத்தாள். பழக்கம் அப்படிச் சட்டென்று போய்விடுமா? போன வேகத்தில் திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும், "அக்கா, நான் பேசினது தப்பு" என்றாள். அந்த அம்மா பயந்தேபோனாள். படிப்படியாக அண்ணியின் காலைப் பிரார்த்தனையில் உத்தரவுகள் குறைந்தன. மேலாளருக்கு வயிற்றுவலி கேட்பதை நிறுத்தினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும்தான் படிக்கிறோம், படித்ததை மதித்து நடக்கிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கறீங்க, அவகிட்ட மட்டும் ஏன் அண்ணி போக மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் தம்பி எனக்குக் கால் வரல."

அந்த வாரம் மகளிடம் அண்ணியின் புத்தகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னாள், வேறு ஊரில் திறக்கிற கிளைக்கு அவளை மாற்றிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமைதான் இந்த வழியாக வருவது கடைசி. அண்ணியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அடுத்த பேருந்தை அறிவித்தாள்.

வெள்ளிக்கிழமை மகளுடைய பேருந்து தாமதம். அண்ணி அதை அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினாள். அறிவிப்பு முடிந்ததும் பொத்தானை அணைப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்றைக்கு அணைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இறைவா, இந்த நாளை உன் கையில் ஒப்படைக்கிறேன். என்னைப் புதியவளாக்கு" என்று எல்லா ஒலிபெருக்கிகளிலும் தேன்குரல் கேட்டது. ஜனங்கள் ஏதோ விளம்பரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வந்தது அவளுடைய இன்னொரு குரல்.

"அவளத் திருத்து, அவளத் திருத்துன்னு இத்தன நாளா உன் உசிர வாங்கிட்டேன். இனிமே கேக்க மாட்டேன். அவ சரியாத்தான் இருக்கா. என் வாயத் திருத்து. தினமும் அவ முதுகயாவது பாத்துக்கிட்டிருந்தேன், இனிமே அதுவும் இல்ல. அவ முன்னாடி போய் நிக்கற அளவுக்கு மட்டும் எனக்குக் கால் கொடு சாமி."

நான் கவுன்ட்டரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். மூட்டை தூக்குகிறவர் மூட்டையோடு அப்படியே நின்றார். கதவைத் திறந்து சிவப்பு விளக்கைக் காட்டினேன். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும்."

"அவளுக்கு?"

வெளியே மகளுடைய பேருந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவள் முதன்முறையாக எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். அவமானத்தில் அண்ணி மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்வாள், இல்லையென்றால் என்னைத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்தாள். பேருந்து உள்ளே வருகிற நேரத்தில் அந்த நாற்காலியை விட்டு எழாதவள், கதவைத் திறந்துகொண்டு நடந்தாள். நான் மைக்கை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

மகள் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். அண்ணி அவள் எதிரே போய் நின்றாள். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. அந்த வாய்க்குப் பேச்சு வராமல் நான் பார்த்ததே இல்லை.

மகளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருந்தாலும் அண்ணி பெற்ற பெண் அல்லவா!

"இதையும் அந்தப் புத்தகத்தப் பாத்துத்தான் படிச்சியாம்மா?"

"மொதல் ரெண்டு வரி மட்டுந்தான்" என்றாள் அண்ணி.

நடத்துனர் விசிலை உதட்டில் வைத்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது. ஆனால் ஊதவில்லை.